விசிலும் பதினான்காம் விதியும்

அக்கிராசனம் வகித்து இந்தச் சபைக்கு அழகு செய்யும் எங்கள் கல்லூரித் தலைமையாசிரியர் அவர்களே! அவருக்கு வலப்புறம் வீற்றிருந்து, நான் வாயைத் திறக்குமுன்பே கடிகாரத்தைத் திறந்துவிட்ட கமிட்டிப் பெரியவர்களே! கடைக் கதவைச் சாத்திவிட்டுக் கல்விக்கூடத்தின் கதவைத் தேடி வந்திருக்கும் பதுளை வர்த்தகப் பெருமக்களே! லுணுகலையிலிருந்து வண்டி கட்டி வந்த வாலிபச் சிங்கங்களே! பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் தாங்கி அமர்ந்திருக்கும் அன்னையர்களே, அருமைத் தாய்மார்களே! முன்வரிசையில் தும்பைப்பூத் தலைப்பாகையோடு கம்பீரமாகக் கொலுவிருக்கும் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கங்காணியார் தம்பையா அவர்களே!

அப்புறம், அதோ அந்தக் கடைசி வாங்கில், சுவரோடு சுவராய் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆறு தம்பிமார்களே! உங்களைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். கொஞ்சம் முன்னால வாங்க. வரமாட்டீங்களா? சரி, இருங்க. என் தொண்டை எதற்கு இருக்கிறது?

உங்கள் அனைவருக்கும் புடவைக்கடைக் கந்தப்பனின் பணிவான நமஸ்காரம். எனக்குப் பேச வராது என்று தொடங்குவது மேடை வழக்கம். நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்குப் பேச வரும், நிறுத்தத்தான் வராது. தாய்மார் பக்கத்தில் யாரோ "உண்மை, உண்மை" என்கிறார்கள். அது வேறு யாருமில்லை, என் சம்சாரம் வடிவம்மாள்.

மகாஜனங்களே! இந்தச் சபை எதற்காகக் கூடியிருக்கிறது? கோயில் திருப்பணிக்கா? இல்லை. குளம் வெட்டவா? இல்லை. ஒரு தோல் பந்துக்காகக் கூடியிருக்கிறது! நடுவிலே வலை, இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர். பந்து தங்கள் மண்ணில் விழாமல் கையாலே தட்டி, எதிரி மண்ணில் விழ வைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். வாலிபால் என்று வெள்ளைக்கார வாத்தியார் சொன்னார். கரப்பந்து என்று நாங்கள் சொன்னோம். பக்கத்துக் கடை லத்தீப் நானா, "வேலையத்த பந்து" என்று சொன்னார். அதோ, அவரும் வந்திருக்கிறார். ஒரு ஆட்டம் விடாமல் முதல் ஆளாக வந்து நிற்கிறவர் அவர்தான்!

காற்றாட, களிப்பாக, கபடில்லாமல் ஆடத்தான் இந்தப் பந்தயத்தை ஏற்படுத்தினோம். கல்லூரி மாணவர் ஒரு கட்சி. கடைவீதிப் பழைய மாணவர் ஒரு கட்சி. லுணுகலையார் ஒரு கட்சி. நாலாவது, ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக் கட்சி. தோட்டத்துப் பிள்ளைகள் கல்லூரிப் பந்தயத்தில் எப்படி என்று கேட்பீர்கள். நம் மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் மலையேறிப் போய் அங்கே வகுப்பு நடத்துகிறார்களே, அதில் படிக்கிறவர்கள் பேரும் கல்லூரிப் பதிவேட்டில் இருக்கிறது. பதிவேட்டில் பேர் உள்ளவன் ஆடலாம் என்பது முதலாம் விதி.

அந்த முதலாம் விதியை எழுதியவன் யார்? அடியேன். இரண்டாம் விதி? அடியேன். ஆக மொத்தம் இருபத்திரண்டு விதி! எனக்கு விதி என்றால் வெல்லக்கட்டி. கடையில் துணி மடிக்கக்கூட விதி வைத்திருக்கிறேன். அதனாலே மத்தியஸ்தன் வேலையையும் என் தலையில் கட்டினார்கள். கொழும்பிலிருந்து ஒரு பித்தளை விசில் தருவித்தேன். ஐயா, அந்த விசிலை நான் வைத்துக் கொஞ்சின மாதிரி என் பிள்ளைகளைக்கூடக் கொஞ்சியதில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்துத் துலக்குவேன். கடைக்குள்ளே ஊதிப் பார்ப்பேன். "வீட்டுக்குள்ள ஊதினீங்கன்னா சோறு கிடையாது" என்று இந்த அம்மாள் ஒரு விதி போட்டாள். அது இருபத்து மூன்றாம் விதி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இன்று உங்கள் முன்னால் இரண்டு தீர்மானங்கள் இருக்கின்றன. ஒன்று, கமிட்டி அங்கத்தினர் கதிர்காமநாதன் வாத்தியார் கொண்டுவந்தது: பதினான்காம் விதிப்படி ஸ்பிரிங்வெளிக் கட்சியைப் பந்தயத்திலிருந்து நீக்கிவிட வேண்டும். மற்றொன்று நான் கொண்டுவந்தது: அந்த விதியையே நீக்கிவிட வேண்டும். பதினான்காம் விதி என்ன சொல்கிறது? கேளுங்கள். "விசில் ஊதிய பின்பும் ஆட முயலாமல் மூன்று பந்தைத் தொடர்ந்து தரையில் விட்ட கட்சி, ஆட்டத்தை அவமதித்த கட்சியாகும். அதைக் கமிட்டி நீக்கும்." என்ன கம்பீரம்! என்ன கண்டிப்பு! எழுதிய கைக்குக் காப்புப் போடலாம். விலங்குக் காப்பு!

ஏன் இப்படித் தன்னைத் தானே வைகிறான் என்று பார்க்கிறீர்களா? சொல்கிறேன்.

வைகாசி மாதம் முதல் ஆட்டம். ஸ்பிரிங்வெளியாருக்கும் கடைவீதியாருக்கும். இந்த ஆறு பேரும் விடியற்காலம் புறப்பட்டு மைல் மைலாக நடந்து இறங்கி வந்தார்கள். காலில் செருப்பில்லை, முகத்தில் சோர்வில்லை. தாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலிலே இரண்டு சவுக்கு மரத்துக்கு நடுவே கயிற்றைக் கட்டிப் பழகினவர்கள். என்ன உயரம் எழும்புகிறார்கள் தெரியுமா? அவர்கள் தட்டுகிறதை ஓரமாய் நின்று பார்த்த கடைவீதித் தலைவன் ஜெயராசா, "அண்ணே, இன்னைக்கு நாம தொலைஞ்சோம்" என்று என் காதிலே சொன்னான்.

மைதானத்தைச் சுற்றி ஊரே நிற்கிறது. ஜெயராசா பந்தை எடுத்தான். நான் நெஞ்சை நிமிர்த்தினேன், விசிலை வாயில் வைத்தேன், ஊதினேன்.

என்ன நடந்தது? ஆறு பேரும் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பின்கோட்டுக்கு ஓடினார்கள். ஓடி, உயரவாரியாக வரிசை கட்டி, கையைக் கட்டி, தலையைக் குனிந்து நின்றார்கள்! பந்து வந்து வெறும் மண்ணில் விழுந்தது.

தோட்டத்தில் காலையில் கொம்பு ஊதித் தப்படித்து எழுப்புவார்கள். அப்புறம் கங்காணி விசில் ஊதினால் வரிசையில் நிற்க வேண்டும். பேர் கூப்பிட்டால் கை தூக்க வேண்டும். அதுதான் பெரட்டு. தோட்டம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகள் பழகினது வாயால் ஒன்று, இரண்டு எண்ணி. ஆட்டத்தில் விசில் என்று ஒன்று உண்டு என்று இருபத்திரண்டு விதி எழுதிய இந்த மகான் அவர்களுக்குச் சொல்லவே இல்லை!

ஊர் சிரித்தது. கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கடைவீதிக்கு ஒன்று என்று எழுதினேன். இரண்டாம் விசில்: நாலு பேர் ஓடினார்கள், இரண்டு பேர் பாதியில் நின்றார்கள். மூன்றாம் விசில்: யாரும் ஓடவில்லை; ஆனால் ஆறு பேருக்கும் கால் மரத்துப் போயிற்று. பந்து மூன்றாந்தரமும் மண்ணில். கடைசியில் பதினைந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் ஜெயராசா வேண்டுமென்றே வலையில் அடித்ததோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

ஆட்டம் முடிந்து அவர்கள் தலைவன் நல்லையா என்னிடம் வந்தான். அதோ, சுவரோரம் மூன்றாவதாக உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். "முதலாளி, மூளைக்குத் தெரியுதுங்க. காலுக்குத் தெரியலங்க" என்றான். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பரவாயில்லை தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! சொன்னேனா? "விதி விதிதான் அப்பா" என்று சொல்லிவிட்டு விசிலைத் துடைத்துப் பையில் போட்டேன். அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. மூன்று பந்து தொடர்ந்து விட்டாயிற்று. நீக்குகிறோம் என்று கடிதம் எழுதினோம். எழுதின கை எது? இதே கை. கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று வீறாப்பாய்ப் புறப்பட்ட கால் எது? இதே கால்.

இந்தக் காலின் கதையைக் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை அந்திநேரம் தோட்டம் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்ததும் பிடித்தது மழை. பெரிய கங்காணியார் தம்பையா அவர்கள் என்னை உள்ளே அழைத்து, ரொட்டியும் கட்டச் சம்பலும் போட்டு, கம்பளி கொடுத்துப் படுக்க வைத்தார்கள். அந்த உபசாரத்துக்கு இந்த மேடையிலே நன்றி சொல்கிறேன். விடியற்காலம் தப்புச் சத்தம் கேட்டு விழித்தேன். நல்லையாவைப் பிடித்துக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடலாம் என்று கோட்டை மாட்டிக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் போனேன். ஒரே பனி. பக்கத்தில் நிற்கிறவன் முகம் தெரியவில்லை. ஒவ்வொரு முகமாய்க் குனிந்து பார்த்துக்கொண்டு போகிறேன்.

கங்காணியார் விசில் ஊதினார்!

சபையோர்களே, நான் யார்? புடவைக்கடை முதலாளி. என் பேர் அந்தத் தோட்டத்து ஆள் கணக்கான செக்ரோலில் உண்டா? இல்லை. என்னை யாராவது கூப்பிட்டார்களா? இல்லை. கூப்பிட்டால் போக வேண்டிய கடமை உண்டா? இல்லவே இல்லை. ஆனால் அந்தச் சத்தம் காதில் விழுந்து, சுற்றிலும் நூறு கால்கள் ஓடினதும், என் காலும் ஓடியதையா! ஓடிப்போய் வரிசையில் நின்றேன். நின்றது மட்டுமா? கையைக் கட்டினேன். கட்டினது மட்டுமா? தலையைக் குனிந்தேன்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள், இது சிரிக்க வேண்டியதுதான். கங்காணியார் தலையை எண்ணிக்கொண்டே வருகிறார். என் முன்னால் வந்து நின்றார். "யாருடா அது கோட்டும் வேட்டியுமா? புதுசா வந்த ஆளா?" என்றார். நிமிர்ந்தேன். "அட, நம்ம முதலாளியா!" என்றார். அப்போது எனக்கு வந்த வெட்கத்துக்கு அந்த மண் பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. எனக்கு இடப்பக்கம் நின்றவன் யார் என்று திரும்பிப் பார்த்தேன். நல்லையா! முதலிலேயே என்னைக் கண்டுவிட்டிருக்கிறான். என்ன செய்தான் தெரியுமா? தோளை ஒடுக்கி எனக்கு இடம் விட்டான். "கொஞ்சம் இப்படி நில்லுங்க முதலாளி, அங்க தண்ணி தேங்கியிருக்கு" என்றான். அவ்வளவுதான்.

ஆணும் பெண்ணுமாய் அத்தனை பேர் நின்றார்கள். ஒருவர், ஒரே ஒருவர் சிரிக்கவில்லை! அவர்கள் நம் களத்துக்கு வந்து தெரியாமல் வரிசையில் நின்றார்கள், ஊரே சிரித்தது. நான் அவர்கள் களத்துக்குப் போய்த் தெரியாமல் வரிசையில் நின்றேன். எனக்கு ஈரமில்லாத இடம் பார்த்துக் கொடுத்தார்கள். யார் ஐயா படித்தவர்கள்? யார் ஐயா பண்புள்ளவர்கள்? பதிவேட்டில் இருக்க வேண்டியது யார் பேர்? கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

கடிதத்தைக் கொடுக்கவில்லை. இதோ, கோட்டுப் பையிலேயே இருக்கிறது. மழையில் நனைந்து மை கலைந்து கிடக்கிறது.

அடுத்த ஞாயிறு ஸ்பிரிங்வெளியாருக்கும் லுணுகலையாருக்கும் ஆட்டம். விசிலை வீட்டில் வைத்துவிட்டேன். கடையிலிருந்து ஒரு முழம் சிவப்புத் துணி கிழித்துக்கொண்டு போனேன். துணியைத் தூக்கி இறக்கினால் ஆட்டம் தொடங்கும். இறக்கினேன். அப்புறம் பார்த்தீர்களே, அந்த ஆட்டத்தை! லுணுகலைத் தம்பிகளே, கோபிக்கக் கூடாது. பந்து மண்ணைத் தொட்டதா? மண்ணுக்கும் பந்துக்கும் இடையில் எப்போதும் ஒரு கை இருந்ததே! பதினைந்துக்கு ஒன்பதில் ஜெயித்தார்கள். லத்தீப் நானா தொப்பியைக் கழற்றி ஆகாயத்தில் எறிந்தார்.

கதிர்காமநாதன் வாத்தியார் ஆட்சேபித்தார். "ஆறு பேருக்காக விதியை வளைக்கலாமா? உலகமெல்லாம் விசில், பதுளைக்கு மட்டும் துணியா? அந்த ஆட்டம் செல்லாது" என்றார். நீக்கல் கடிதம் போய்ச் சேராததால் விவகாரம் இந்தச் சபைக்கு வந்தது. நியாயம் பேசுகிற மனுஷர். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் பேசியிருப்பேன். ஆனால் கேட்கிறேன்: ஆட்டத்துக்காக விதியா, விதிக்காக ஆட்டமா? காற்றாட ஆடலாம் வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டு, வந்தவன் கால் நடுங்க ஊதுவது என்ன விருந்தோம்பல்? ஆகையால் என் தீர்மானம் இதுதான். பதினான்காம் விதி ஒழிக! இனி எந்த ஆட்டத்துக்கும் விசில் வேண்டாம், சிவப்புத் துணி போதும்! சம்மதமானவர்கள் கை தூக்குங்கள். ஸ்பிரிங்வெளித் தம்பிமார்களே, உங்களுக்கும் ஓட்டு உண்டு. இங்கே யாரும் பேர் கூப்பிட்டுக் கை தூக்கச் சொல்லவில்லை. மனமிருந்தால் தூக்குங்கள், இல்லாவிட்டால் மடியிலே வையுங்கள்.

ஆகா, ஆகா! கடைவீதி முழுக்கத் தூக்கிவிட்டது. லுணுகலை? அதுவும். தாய்மார்களும் தூக்குகிறீர்களா? உங்களுக்கு இதில் ஓட்டில்லை, ஆனால் ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்கிறேன். கடைசி வாங்கு... என்ன இது? ஆறு பேரும் மடியில் வைத்திருக்கிறீர்களே! நல்லையா, என்ன அப்பா? எழுந்திருக்கிறாயா? ஏதோ சொல்ல வேண்டுமாம். அக்கிராசனாதிபதி அவர்கள் அனுமதி தருகிறார்கள். சத்தமாய்ச் சொல், தம்பி. பயப்படாதே.

சபையோர்களே, எல்லோருக்கும் கேட்டிருக்காது. அவன் சொன்னதைச் சொன்னபடியே திருப்பிச் சொல்கிறேன்.

"முதலாளி, துணி வேணாங்க. விசிலே ஊதுங்க. துணி போட்டு ஆடுனா, நாங்க ஜெயிச்சாலும், பாவம்னு விட்டுக்கொடுத்தாங்கன்னுதான் பேசுவாங்க. ஒண்ணரை மாசமா லயத்து வாசல்ல எங்க வீட்டுக்காரி இராக்கம்மா வாயில விரலை வச்சு விசிலடிக்குது, நாங்க ஆடுறோம். மொதல்ல கால் நின்னுச்சு. இப்ப நிக்கிறதில்லைங்க. காலையில பெரட்டுல ஊதினா நிக்கும். ஞாயித்துக்கிழமை இங்க ஊதினா ஆடும். கால் இப்ப கத்துக்கிச்சுங்க."

ஐயா! ஒரு மணி நேரமாய்த் தொண்டை கிழியக் கத்தினேன். என் தீர்மானத்தில் பாதியை ஒரு தும்மல் நேரத்தில் தோற்கடித்துவிட்டான்! தோற்றேன். சந்தோஷமாய்த் தோற்றேன். அடடா, இரக்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இவர்களை இன்னொரு வரிசையில் அல்லவா நிற்க வைக்கப் பார்த்தேன்! தாய்மார் பக்கத்தில் எழுந்து நிற்பது யார்? இராக்கம்மாவா? என்ன சொல்கிறாய் அம்மா? "நம்பலைன்னா இப்பவே ஊதிப் பாருங்க" என்கிறாள்.

கேட்டீர்களா சவாலை! விசில் இன்றைக்கு என் பையில்தான் இருக்கிறது. வடிவம்மா, முறைக்காதே, இது வீடு இல்லை. குழந்தைகளின் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். இதோ, ஊதுகிறேன்.

ஊதிவிட்டேன். பார்த்தீர்களா? கடைசி வாங்கைத் திரும்பிப் பார்த்தீர்களா? ஆறு பேர். பன்னிரண்டு கால். ஒரு பெருவிரல் அசைந்ததா? நல்லையா சிரித்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான்! இராக்கம்மா இன்னும் பலமாய் ஊதச் சொல்கிறாள்!

ஆனால் இந்தச் சபையில் ஒரே ஒருவர் எழுந்து நிற்கிறார். முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு, தலைப்பாகை சரிய. பெரிய கங்காணியாரே... உங்களுக்கு மேலே தோட்டத்துத் துரை விசில் ஊதினால் நீங்களும் நிற்க வேண்டியவர்தானே. எனக்கு அது தோன்றவே இல்லை. மன்னிக்க வேண்டும். உட்காருங்க அண்ணே. யாரும் சிரிக்கவில்லை, பாருங்கள். இத்தனை பேர் இருக்கிறோம், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

நல்லையா எழுந்து போகிறான். தரையில் விழுந்த தலைப்பாகைத் துணியை எடுத்துக் கங்காணியார் கையில் கொடுக்கிறான்.

இதற்குமேல் நான் என்ன பேச? பதினான்காம் விதி போகட்டும், விசில் இருக்கட்டும். இதுதான் திருத்திய தீர்மானம். சம்மதமானவர்கள் மறுபடியும் கை தூக்குங்கள். கடைசி வாங்கு, ஆறும் உயர்ந்துவிட்டது! கதிர்காமநாதன் வாத்தியாரே, உங்கள் கையும் மேலே போயிருக்கிறதே! உங்கள் தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறீர்களா? பெருந்தன்மை, ஐயா, பெருந்தன்மை. இந்த நனைந்த கடிதத்தை உங்கள் முன்னாலேயே கிழித்துப் போடுகிறேன்.

பேச இடம் கொடுத்த அக்கிராசனாதிபதி அவர்களுக்கும், பொறுத்துக்கொண்ட பெரியோர்களுக்கும், வாழ்த்திய தாய்மார்களுக்கும், என்னைவிட நல்ல விசில்காரியான இராக்கம்மாவுக்கும், எனக்கு ஈரமில்லாத இடம் காட்டிய தம்பிக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வருகிற ஞாயிறு மூன்று மணிக்குக் கடைவீதியும் ஸ்பிரிங்வெளியும் மறுபடி மோதுகின்றன. நான் ஊதுவேன். தம்பிமார்களே, நீங்கள் ஆடுங்கள். எல்லோருக்கும் வணக்கம்.